தலைதட்டி அளந்தவர்கள்

மண்டையோட்டின் கதை – 7

போன இதழில் ரெட்சியஸின் தலைக் குறியீட்டை முடித்துவிட்டு, இந்த வாரம் மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் நியூயார்க்கில் குடியேறிகளின் தலைகளை அளக்கக் கிளம்பிய கதை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மன்னிக்கவும். நடுவில் ஒரு கைப்பிடித் தினை வழிமறித்துவிட்டது.

தினைக்குச் சொந்தக்காரர் ஃபிரெடரிக் டீடெமான். ஹைடல்பெர்க்கில் உடற்கூறியல் பேராசிரியர். பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்ட ஆண்டு 1833. ‘ஆப்பிரிக்கரின் மூளையே சிறியது, அவர்களுக்கு எதற்கு விடுதலை?’ என்று படித்தவர்களே பேசிய காலம். டீடெமான் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. மண்டையோட்டைத் தராசில் வைத்தார். தண்டுவடம் நுழையும் பெருந்துளை வழியாக உலர்ந்த தினையைக் கொட்டி நிரப்பினார். (என்ன சிறுதானியமோ, நாம் தினை என்றே வைத்துக்கொள்வோம்.) மறுபடி எடை போட்டார். இரண்டையும் கழித்தால் மூளை இருந்த இடத்தின் அளவு. 1836-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் தீர்ப்பை எழுதினார்: ஐரோப்பியர் தலைக்கும் ஆப்பிரிக்கர் தலைக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

இவரை எனக்குப் பிடிக்கும். மறைக்க விரும்பவில்லை. 1849 பாடன் புரட்சியில் ராஸ்டாட் கோட்டையைக் காத்து நின்று, பிரஷ்யப் படையிடம் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்ட குஸ்தாவ் இவர் மகன்தான்.

அட்லாண்டிக்குக்கு மறுகரையில், ஃபிலடெல்ஃபியாவில், இன்னொரு மருத்துவர் அதே வேலையில் இருந்தார். சாமுவேல் ஜார்ஜ் மார்ட்டன். 1851-ல் அவர் கண்மூடும்போது சேகரிப்பில் ஏறக்குறைய ஆயிரம் மண்டையோடுகள். எகிப்தின் கல்லறைகளிலிருந்து வந்தவை உண்டு. கியூபாவில் செத்த ஆப்பிரிக்க அடிமைகளின் தலைகள் ஐம்பதுக்கும் மேல். அனாதையாக இறந்த உள்ளூர் ஏழைகளின் தலைகளும் உண்டு. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இவர் தினைக்குப் பதில் வெள்ளை மிளகு விதையை எடுத்தார். பின்னால் எழுதியவர்கள் அதைக் கடுகு என்றார்கள். உருண்டையாக, ஒரே பருமனாக இருக்க வேண்டும் என்று சலித்தும் வைத்துக்கொண்டார். ஓட்டின் ஓட்டைகளைப் பஞ்சால் அடைத்து, விதையைக் கொட்டி, இனி இறங்காது என்கிறவரை விரலால் அழுத்தி, பிறகு அளவு குறித்த தகரக் குழாயில் கவிழ்த்துப் பார்ப்பார்.

அந்த விரலில்தான் வில்லங்கம். உழக்கில் அரிசி அளப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். வேண்டியவர் வந்தால் ஒரு தட்டுத் தட்டிக் கும்பாச்சியாக, வேண்டாதவருக்குத் தலைதட்டி. உழக்கு ஒன்றுதான், அரிசி ஒன்றல்ல. மார்ட்டனும் இதை உணர்ந்திருக்க வேண்டும். விதை அளவு ஒருமுறைக்கு ஒருமுறை மாறுகிறது என்று கண்டு, அழுத்தினாலும் நசுங்காத ஈய ரவைக்கு மாறினார். அதன் பிறகு ஆப்பிரிக்கத் தலைகளின் சராசரிதான் அதிகமாக ஏறியது, 5 கன அங்குலத்துக்கு மேல். ஐரோப்பியத் தலைகளுக்கு 2-கூட ஏறவில்லை.

1978-ல் தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கோல்ட் இதைப் பிடித்துக்கொண்டார். மார்ட்டனின் கட்டைவிரல் தனக்கே தெரியாமல் ஓரவஞ்சனை செய்தது என்பது அவர் ஊகம். அற்புதமான கதை, நானும் பல காலம் நம்பினேன். 2011-ல் ஒரு குழு ஈய ரவைக் காலத்து ஓடுகளை மறுபடி அளந்தது. மார்ட்டனின் ரவைக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

அப்படியானால் மார்ட்டன் குற்றமற்றவரா? என் பதில்: இல்லவே இல்லை. 1839-ல் வெளியிட்ட பட்டியலைப் பாருங்கள். ‘காக்கேசியர்’ 87 கன அங்குலம், அமெரிக்கப் பழங்குடியினர் 82, ஆப்பிரிக்கர் 78. இதில் காக்கேசியர் என்ற பெட்டிக்குள் இந்துக்களும் அடக்கம். அவரிடம் 17 இந்துத் தலைகள் இருந்தன, சராசரி 75. சேர்த்ததோ மூன்று. காரணத்தை ஒளிக்காமல் அவரே எழுதினார்: இவர்கள் தலை மிகவும் சிறியதாம். பதினேழையும் சேர்த்திருந்தால் அந்த 87 சரிந்து 84-ஐ ஒட்டி நின்றிருக்கும். பழங்குடியினர் பெட்டியிலோ, சிறிய தலை கொண்ட பெரு நாட்டவரைத் தாராளமாக அள்ளிப் போட்டிருந்தார். ரவையை யார் அளந்தால் என்ன, எந்தத் தலை எந்தப் பெட்டிக்கு என்று முடிவு செய்தவர் அவர்தானே!

2018-ல் மானுடவியல் ஆய்வாளர் பால் வூல்ஃப் மிட்செல் இரண்டு மருத்துவர்களின் கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எண்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தன. டீடெமான் ஒவ்வொரு கூட்டத்திலும் மிகச் சிறிய தலை எது, மிகப் பெரிய தலை எது என்று பார்த்தார். எல்லாக் கூட்டங்களும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. மார்ட்டன் சராசரியை எடுத்து வரிசை கட்டினார். அந்த வரிசையைத்தான் அமெரிக்கத் தெற்கின் அடிமை முதலாளிகள் கொண்டாடினார்கள்; அவர் இறந்தபோது அங்கிருந்த மருத்துவ ஏடு ஒன்று அவரைத் தங்கள் உபகாரி என்றே போற்றியது.

உடல் பெரிதானால் தலையும் பெரிதாகும் என்ற சாதாரண விஷயத்தையோ, ஆண் தலை பெண் தலை என்று பிரிப்பதையோ அந்தப் பட்டியல் கண்டுகொள்ளவில்லை. கன அங்குலத்தை அறிவாக மாற்றும் சூத்திரமும் அவரிடம் இல்லை. அது அளப்பதற்கு முன்பே அவர் மனத்தில் இருந்த முடிவு.

பக்கம் முடிந்துவிட்டது, போவாஸ் இன்னும் கப்பல்துறையில் காத்திருக்கிறார். அடுத்த வாரம் கட்டாயம் அவர்தான். அதற்குள் ஒரு செய்தி: மார்ட்டனின் சேகரிப்பு இன்று பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலிருந்த ஃபிலடெல்ஃபியாக் கறுப்பினத்தவர் 19 பேரின் மண்டையோடுகளை 2024 ஜனவரியில் ஈடன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பெரும்பாலானோரின் பெயர் தெரியவில்லை.