ஒரு சிறு மேகத்தை ஆயிரம் வருடமாகப் பார்த்த கதை



கலக்ஸி, நெபுலா என்று அழகான வானத்துப் படங்கள் போனில் வரும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: "இது உண்மையா, எடிட் பண்ணியதா?" வகுப்பில் பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள். சொன்னதையெல்லாம் கணினி வரைந்து தருகிற இந்தக் காலத்தில் இது நியாயமான கேள்வி. ஆனால் ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. வானத்தில் உள்ள ஒரேயொரு பொருளை மனிதர்கள் எப்படியெல்லாம் பார்த்து வந்தார்கள் என்ற வரலாற்றைப் பார்த்தால் விடை கிடைக்கும். அந்தப் பொருள் அன்ட்ரோமீடா.

அதைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தெளிவான குறிப்பு அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபியுடையது. 903 இல் ரய் நகரில் பிறந்தவர். பாரசீகத்தில் புவைஹித் அரசவையில் வானியலாளராக இருந்தவர். தொலமியின் பட்டியலை அப்படியே பிரதி பண்ணாமல், நட்சத்திரங்களின் பிரகாசத்தைத் தன் கண்ணால் பார்த்துச் சரிபார்த்து, 964 ஆம் ஆண்டளவில் நிலைத்த நட்சத்திரங்கள் பற்றிய நூலை எழுதினார். அதில் ஒரு மீன் உருவத்தின் வாயருகே சிறு மேகம் போன்ற ஒன்றைக் குறித்து வைத்தார். அதுதான் அன்ட்ரோமீடா. 1612 இல் ஜேர்மனியரான சைமன் மரியஸ் தொலைநோக்கியால் பார்த்தும் மங்கலான ஒளிதான் தெரிந்தது.

ஏன் அதற்கு மேல் தெரியவில்லை? நம் கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. ஒரு செக்கனின் சிறு பகுதிக்குள் பார்த்ததை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கும். இருட்டில் நிறமும் அதற்குச் சரியாகத் தெரியாது. ஒளியைச் சேர்த்து வைக்கும் ஒன்று தேவைப்பட்டது. புகைப்படத் தட்டு அதைச் செய்தது.

1880 செப்டெம்பர் 30 இல் அமெரிக்க மருத்துவரான ஹென்றி டிரேப்பர், 51 நிமிடம் ஒளியைச் சேர்த்து ஒராயன் நெபுலாவைப் படம் பிடித்தார். 1888 டிசெம்பர் 29 இல் லிவர்பூலுக்கு அருகே ஐசக் ரொபர்ட்ஸ், 20 அங்குலத் தொலைநோக்கியில் 4 மணித்தியாலம் தட்டைத் திறந்து வைத்து அன்ட்ரோமீடாவை எடுத்தார். அந்தச் சிறு மேகத்துக்குச் சுருள் வடிவம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ரொபர்ட்ஸ் தொழிலால் கட்டிட வேலை செய்வித்தவர். வானியல் அவருக்குப் பொழுதுபோக்கு.

1923 ஒக்டோபரில் எட்வின் ஹபிள் மவுண்ட் வில்சனில் எடுத்த ஒரு தட்டைப் பழைய தட்டுகளோடு ஒப்பிட்டார். புதிதாகத் தோன்றியது என்று தான் குறித்த ஒரு நட்சத்திரம், மங்குவதும் பிரகாசிப்பதுமாக மாறும் வகையைச் சேர்ந்தது என்று கண்டார். அதைக் கொண்டு தூரத்தைக் கணித்தபோது, அன்ட்ரோமீடா நம் பால்வெளிக்கு வெளியே உள்ள தனிக் கலக்ஸி என்று உறுதியானது. இன்றைய கணக்கில் சுமார் 25 இலட்சம் ஒளியாண்டு. ஒரு தட்டு மட்டும் இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது. பல தட்டுகளைச் சேர்த்துப் பார்த்ததால் தெரிந்தது.

இனித்தான் முக்கியமான இடம். நீண்ட நேரம் திறந்து வைத்தால் ஒரு சிறு அசைவு போதும், முழு இரவின் உழைப்பும் வீண். அதனால் ஒரே நீண்ட படத்துக்குப் பதிலாகப் பல சிறு படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறை வந்தது. கணிதம் எளிது. 16 பிள்ளைகளை ஒரே மேசையின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒருவர் கொஞ்சம் கூட அளப்பார், ஒருவர் குறைய அளப்பார். சராசரி எடுத்தால் பிழை ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறையும். 100 பேர் அளந்தால் பத்தில் ஒன்று. படத்திலும் இப்படித்தான். கலக்ஸி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். கமராவின் புள்ளி இரைச்சல் படத்துக்குப் படம் மாறும். சேர்த்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கி, கலக்ஸி மேலே வரும். ஒரு படத்தில் மட்டும் கோடு போட்டுப் போன விமானத்தை, மற்றப் படங்களின் சாட்சியை வைத்து மென்பொருள் நீக்கிவிடும்.

கமராவின் சொந்தக் குறைகளையும் கழிக்க வேண்டும். லென்ஸை மூடி, அதே நேர அளவுக்கு, அதே வெப்பநிலையில் எடுக்கும் இருட்டுப் படம் கமராவுக்குள்ளேயே உண்டாகும் பொய் வெளிச்சத்தைக் காட்டும். லென்ஸின் மேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம் தூசியையும் ஓரங்களின் மங்கலையும் காட்டும். இவற்றைக் கொண்டு திருத்திய பிறகுதான் மங்கலான பகுதியைப் பிரகாசமாக்குவார்கள்.

இதை வெறும் கணினி வித்தை என்று எண்ண வேண்டாம். இரசாயனம் படித்த டேவிட் மலின், 1970களிலிருந்து அவுஸ்திரேலிய வானாய்வகத்தில் ஃபிலிம்களைக் கொண்டே இருட்டறையில் இதைச் செய்தார். மங்கலான பிரதியை மூலத்தோடு சேர்த்து வைத்துப் பிரதி எடுத்து, மறைந்திருந்த நுணுக்கங்களை வெளியே கொண்டுவந்தார். அவருடைய முறையால் 1980களில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு மாபெரும் மங்கல் கலக்ஸிக்கு மலின் 1 என்றே பெயர்.

1995 டிசெம்பரில் ஹபிள் விண்தொலைநோக்கி, பெரிதாக ஒன்றுமே இல்லாத ஒரு துண்டு வானத்தைப் பத்து நாட்கள் பார்த்தது. வீண் வேலை என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 342 படங்களைச் சேர்த்தபோது சுமார் 3,000 கலக்ஸிகள் தெரிந்தன. அந்தப் படங்களைச் சேர்க்க உருவாக்கிய டிரிஸில் என்ற முறை இன்று இலவச மென்பொருளிலும் இருக்கிறது.

அன்ட்ரோமீடாவின் கதை அத்தோடும் முடியவில்லை. 2022 இல் பொழுதுபோக்கு வானியலாளர்கள் சிலர், 100 மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, அதன் பக்கத்தில் ஒக்ஸிஜன் ஒளியால் ஆன நீண்ட வளைவு ஒன்று தெரிந்தது. மற்றவர்களும் வேறு கருவிகளால் எடுத்துப் பார்த்து உறுதி செய்த பிறகே, 2023 ஜனவரியில் அது வெளியானது. அது அன்ட்ரோமீடாவோடு சேர்ந்ததா, நமக்குக் கிட்ட இருப்பதா என்பதில் விவாதம் தொடர்கிறது. ஆனால் உலகத்தில் அதிகம் படம் பிடிக்கப்பட்ட கலக்ஸிக்கு அருகில், பெரிய வானாய்வகங்களின் கண்ணில் படாததை வீட்டுக் கருவிகள் காட்டின.

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். அந்தப் படங்களில் கைவேலை உண்டு. எவ்வளவு பிரகாசம், எந்த ஒளிக்கு எந்த நிறம் என்பதில் எடுப்பவரின் தெரிவும் உண்டு. ஆனால் இருப்பதை வெளியே கொண்டுவருவது வேறு, இல்லாததை வரைந்து சேர்ப்பது வேறு. பிரித்தறிய வழி இருக்கிறது. எத்தனை படம், மொத்தம் எவ்வளவு நேரம், என்ன கருவி, என்ன வடிகட்டி என்று கேளுங்கள். நேர்மையாக எடுத்தவர் படத்தின் கீழேயே எழுதி வைத்திருப்பார். அதே இடத்தை இன்னொருவர் எடுத்தால் அதே பொருள் அங்கே இருக்கும். வரைந்த படத்துக்கு இந்தப் பரீட்சை சரிவராது. வானத்துப் படம் என்றில்லை, போனில் வரும் எந்தப் படத்தையும் பகிர முன் இப்படி இரண்டு கேள்வி கேட்கப் பிள்ளைகள் பழகினால் ஊருக்கே நல்லது.

இது நமக்கு எட்டாத வேலையும் இல்லை. நவெம்பர் நடுப்பகுதியில் இரவு 9 மணியளவில் அன்ட்ரோமீடா நமக்கு வடக்கு வானில் நல்ல உயரத்தில் இருக்கும். கிழக்கில் அது மாரி மழைக் காலம்தான். ஆனாலும் அடுக்கும் முறையில் ஒரே இரவில் முடிக்க வேண்டும் என்றில்லை. கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கும் கமராவும் ஒரு ஸ்டாண்டும் போதும். 5 செக்கன் படமாக 240 எடுத்தால் 20 நிமிட ஒளி சேர்ந்துவிடும். மேகம் விலகிய இன்னொரு இரவில் இன்னும் 20 நிமிடம். அடுக்குவதற்கு டீப்ஸ்கை ஸ்டாக்கர், சிரில் போன்ற மென்பொருள்கள் இலவசம். அதற்கு முன், தெரு விளக்கு இல்லாத பக்கமாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போய், அஸ்ஸூஃபி பார்த்த அந்தச் சிறு மேகத்தை வெறுங்கண்ணால் ஒருமுறை காட்டுங்கள்.

கமரா இருந்து, தொடங்கத் தெரியாதவர்கள் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன், இன்ஷா அல்லாஹ்.