மூன்று முறை திறக்கப்பட்ட கியர்பாக்ஸ்: பழுதின் வரலாற்றை எழுதுவது பற்றி

சென்ற மாதம் கொல்கத்தாவில் நண்பர் ஒருவரின் வீட்டில் ஒரு பழைய குறிப்பேட்டைப் பார்க்க நேர்ந்தது. 1980களில் வாங்கிய காருக்காக அவருடைய தந்தை எழுதிவந்த செலவுக் கணக்கு அது. பெட்ரோல், டயர், காப்பீடு என்று செல்லும் வரிகளுக்கிடையே பதினான்கு மாத இடைவெளிக்குள் மூன்று முறை ‘கியர்பாக்ஸ்’ என்ற சொல் வருகிறது. ஒவ்வொரு முறையும் தொகை முந்தையதைவிடப் பெரிது. நான்காம் முறை வருவது கியர்பாக்ஸ் அன்று. ‘கிளட்ச், புஷ்’ என்று மட்டும் உள்ளது. தொகையும் மிகச் சிறிது. அதன்பின் அந்தக் காரின் கியரைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஒரு வரிகூட இல்லை.

இந்த நான்கு வரிகளைக் கொண்டு ஒரு வரலாற்றுக் கேள்வியை எழுப்பலாம் என்று தோன்றுகிறது. பழைய கார் ஒன்றில் ஒரே பழுது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? இந்திய மோட்டார் தொழிலைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் விடை இதற்குப் போதுமா?

முதலில் நடந்தது என்ன என்பதைப் பார்ப்போம். நண்பர் நினைவிலிருந்து சொன்னவற்றைக் குறிப்பேட்டுடன் ஒப்பிட்டு இதை எழுதுகிறேன். இரண்டாம் கியர் ‘கரகர’வென்ற ஓசையுடன் விழத் தொடங்கியது. முதல் மிஸ்திரி பெட்டியைத் திறந்து சிங்க்ரோ வளையத்தை மாற்றினார். சில மாதங்களில் அதே ஓசை. இரண்டாமவர் வளையத்துடன் பற்சக்கரத்தையும் மாற்றினார். பிறகு கியர் ஓட்டத்தில் தானாகவே கழன்று நடுநிலைக்கு வரத் தொடங்கியது. மூன்றாமவர் மல்லிக் பஜாரிலிருந்து வேறொரு பழைய கியர்பாக்ஸையே வாங்கிப் பொருத்தினார். அதுவும் ஓராண்டு நிறைவதற்குள் அதே ஓசையை எழுப்பியது. நான்காம் மிஸ்திரி பெட்டியைத் தொடவில்லை. என்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுவதும் மிதித்துச் சில நொடிகள் பொறுத்து, பின்னோக்கு கியரைப் போடச் சொன்னார். பற்கள் அலறின. கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

சிங்க்ரோமெஷ் என்ற அமைப்பின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். 1890களில் பிரான்சின் பனார் எ லெவசோர் கார்கள் பரப்பிய முறையில் கியர் மாற்றுவதென்றால் பற்சக்கரங்களையே நகர்த்தி ஒன்றோடொன்று மோதவிடுவதாகும். வேகங்களை ஒத்திசையச் செய்வது ஓட்டுநரின் காலும் காதும் கற்ற திறமை. கிளட்சை இருமுறை மிதிக்கும் வழக்கம் அப்படி வந்தது. 1928இல் கேடிலாக் நிறுவனம் அறிமுகப்படுத்திய சிங்க்ரோமெஷ், அந்தத் திறமையை உராய்வின் மூலம் இயந்திரத்துக்குள் கொண்டுசென்றது. பின்னாளில் பரவலான வடிவத்தில் இதைச் செய்வது பெரும்பாலும் பித்தளையாலான ஒரு சிறு கூம்பு வளையம். கிளட்ச் விடுபட்ட நிலையில் சுழலும் தட்டையும் தண்டையும் பற்சக்கரங்களையும் மட்டுமே அது கட்டுப்படுத்த வேண்டும். அதற்காகவே அதன் அளவு அமைந்துள்ளது. கிளட்ச் அரைகுறையாகப் பற்றியிருந்தால், அந்தச் சிறு வளையம் ஒவ்வொரு முறையும் ஓடும் என்ஜினுடன் மல்லுக்கு நிற்கிறது. எத்தனை புதிய வளையங்களைப் போட்டாலும் அவை தேய்ந்துதான் போகும்.

கியர் கழன்றதற்குக் காரணம் வேறு. அந்தக் காரில் கியர் கோல் ஸ்டியரிங் தண்டின்மீது இருந்தது. இந்த ஏற்பாடு 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பரவிய ஒன்று. தரையிலிருந்து கோலை அகற்றினால் முன்இருக்கையில் மூவர் அமரலாம் என்பதே அதன் கவர்ச்சி. ஒரே காரில் குடும்பம் முழுவதும் பயணம் செய்த நாட்டில் இந்த வசதி எவ்வளவு மதிக்கப்பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. (அம்பாசடரின் முன்இருக்கையில் நடுவில் அமர்ந்து முழங்காலை ஒடுக்கிக்கொண்டு வளர்ந்த தலைமுறை இந்தப் பதிவையும் படிக்கும் என்று நம்புகிறேன்.) அந்த வசதிக்கான விலை, கைக்கும் பெட்டிக்கும் இடையே அமைந்த கோல்கள், நெம்புகள், புஷ்கள் ஆகியவற்றின் நீண்ட தொடர். ஒவ்வோர் இணைப்பிலும் சிறிதளவு தேய்மானம் சேர்ந்தால், ஓட்டுநரின் கையில் கோல் முழுத்தூரம் சென்றிருக்கும். பெட்டிக்குள் பற்கள் பாதியளவே பொருந்தியிருக்கும். பாதி பொருந்திய கியர் சுமை ஏறும்போது கழன்று வெளியேறும். பற்களின் முனைகளும் மழுங்கும். நான்காம் மிஸ்திரி புஷ்களை மாற்றிக் கோல்களின் நீளத்தைச் சரிசெய்தார். ஆக, இரு பழுதுகளுக்கும் மூலம் பெட்டிக்கு வெளியே இருந்தது.

இனி வழக்கமான விடைக்கு வருவோம். 1953இல் சுங்கவரி ஆணையம், உள்நாட்டில் தயாரிக்கும் திட்டமில்லாமல் உதிரிகளைப் பூட்டி மட்டும் விற்கும் நிறுவனங்கள் தொடரக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. கார் சந்தை பெரும்பாலும் இந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்டு ஆகிய மூன்று நிறுவனங்களின் கையில் இருந்தது. 1959இல் விநியோகத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்தும் ஆணை வந்தது. ஆண்டுக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல் நீண்டது. பிரிட்டனில் 1959இல் கைவிடப்பட்ட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வடிவம், அம்பாசடர் என்ற பெயரில் உத்தர்பாராவில் 2014 வரை உருவாகிக்கொண்டிருந்தது. போட்டியில்லாத சந்தையில் தரம் உயரவில்லை. ஆகவே கார்கள் பழுதுபட்டுக்கொண்டே இருந்தன என்பது பாடநூல்கள் வரை வந்துவிட்ட விளக்கம்.

இவ்விளக்கம் தவறு என்று நான் கூறவில்லை. முதல் பழுதை இது ஓரளவு விளக்குகிறது. ஆனால் இரண்டாம், மூன்றாம் பழுதுகளை விளக்குவதில்லை. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்து பல ஆண்டுகள் ஆன காரில் அதே பாகம் மூன்று முறை அழிவதென்றால், நாம் பார்க்க வேண்டியது தொழிற்சாலையை அன்று, பட்டறையை. டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வெளியான ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ நூலில், கண்டுபிடிப்பின் வரலாற்றைவிடப் பயன்பாட்டின், பராமரிப்பின் வரலாற்றை எழுதவேண்டும் என்று வாதிட்டார். அந்நூலை மேற்கோள் காட்டாத ஆய்வேடு இன்று அரிது. ஆயினும் இந்தியக் காரின் வரலாறு பெரும்பாலும் உரிமங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. கோப்புகள் உரிமங்களைப் பற்றியே உள்ளன என்பது ஒரு காரணம்.

பட்டறையில் காசு எதற்குத் தரப்படுகிறது என்று கேட்டுப்பாருங்கள். மாற்றிய பாகத்துக்கும், பெட்டியை இறக்கி ஏற்றிய உடலுழைப்புக்கும். தேய்ந்த வளையத்தைக் கையில் கொடுத்தால் வாடிக்கையாளர் நம்பிப் பணம் தருவார். ‘வளையம் தேய்ந்தது உண்மை, தேய்த்தது வேறொன்று’ என்று கண்டறிவதற்குக் கணக்குச் சீட்டில் இடமில்லை. முதல் மூவரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நண்பர் இன்றும் நம்புகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடைந்ததை மாற்றுவதற்கே கூலி கிடைக்கும் ஒழுங்கில் அவர்கள் உடைந்ததை மாற்றினார்கள். குருவின் அருகில் நின்று கற்கும் தொழிலில் நான்காமவரின் அந்தப் பின்னோக்கு கியர்ச் சோதனை யாரோ ஒரு மூத்தவரிடமிருந்து வந்திருக்கும். எழுத்தில் வந்திருக்க வாய்ப்பு குறைவு.

இழப்பு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. வீட்டுக் கார் பட்டறையில் நின்றால் குடும்பம் பேருந்தில் செல்லும். வண்டி தமக்குச் சொந்தமில்லாத டாக்சி ஓட்டுநருக்கு அது வருமானமற்ற நாள். அதனால்தான் அம்பாசடர் ஓட்டுநர்கள் பலர், இரு கியர்களுக்கிடையே கோல் சிக்கிக்கொண்டால் சாலையோரம் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, நெம்பைக் கையாலேயே நகர்த்தி விடுவித்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தனர். இந்த அறிவு எந்தக் கையேட்டிலிருந்து வந்தது என்று தேடுவதில் பயனில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் 2008 ஆணைக்குப் பின் பதினைந்து ஆண்டு கடந்த வாடகை வண்டிகள் கொல்கத்தாவிலிருந்து விலகத் தொடங்கின. 2023 ஏப்ரல் முதல், பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அரசு வாகனங்களுக்கு ஓட்டப் பதிவேடும் பழுதுபார்ப்புப் பதிவேடும் உண்டு. எந்தத் தேதியில் எந்தப் பாகம் மாறியது, எத்தனை கிலோமீட்டரில் மீண்டும் மாறியது என்பதை அவற்றில் காண வாய்ப்புண்டு. வண்டி கழிவுக்குச் செல்லும்போது இந்த ஏடுகளும் பயனற்றவையாகக் கருதப்பட்டுப் பழைய காகிதத்துடன் எடைக்குப் போய்விடக்கூடும். ஆவணக் காப்பகங்கள் இவற்றைக் கேட்டு வாங்கியதாக நான் கண்டதில்லை.

எனவே ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பல்கலைக்கழகத்திலோ, உங்கள் உறவினர் பணிபுரிந்த அலுவலகத்திலோ 1960 முதல் 1995 வரையிலான வாகனப் பழுதுபார்ப்புப் பதிவேடுகள், பட்டறைக் கணக்கேடுகள், வீட்டுக் குறிப்பேடுகள் ஏதேனும் இருந்தால், பக்கங்களைப் படமெடுத்து வைத்துவிட்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள். பெயர்களையும் வண்டி எண்களையும் மறைத்துவிடலாம். எனக்குத் தேவை தேதியும், கிலோமீட்டரும், மாற்றப்பட்ட பாகமும் மட்டுமே. ‘கியர்பாக்ஸ்’ என்ற சொல் இரண்டு முறைக்கு மேல் வரும் ஏடாக இருந்தால் உடனே எழுதுங்கள்.