கிண்டில் (ஆங்கில வினைச்சொல்)

கிண்டில் என்பது நெருப்பை மூட்டுவதைக் குறிக்கும் ஆங்கில வினை. ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பழைய நார்ஸ் மொழியில் இதன் வேர் உள்ளது. சுமார் 1200 முதல் ஆங்கில எழுத்தில் காணப்படுகிறது. ஒலி ஒத்திருந்தாலும், கிளறுவதைச் சொல்லும் தமிழ்க் ‘கிண்டு’க்கும் இதற்கும் உறவில்லை.

‘எரி’ என்று மட்டும் பொருள் எழுதிக்கொண்டால் இச்சொல் கைக்கு வராது. விறகடுப்பை நினைத்துக்கொள்வதே நல்லது. சுள்ளியை அடுக்கி, காய்ந்த பாளையைச் செருகி, குச்சியைக் கிழித்து வைத்து, புகை கண்ணைக் கரிக்க ஊதுகுழலால் ஊதுகிறோம். தீ நின்று பிடிக்கும்வரை நடக்கும் அந்த வேலைதான் கிண்டில். பிடித்த பின் விறகு எரிவது ‘பர்ன்’. சுள்ளிக்கே ஆங்கிலத்தில் ‘கிண்ட்லிங்’ என்றுதான் பெயர்.

மெழுகுவத்தி, சிகரெட், கேஸ் அடுப்பு ஆகியவற்றுக்கு இன்றைய பேச்சில் ‘லைட்’ போதும். வீட்டுக்குத் தீ வைப்பது ‘செட் ஃபயர் டு’. எஞ்சினுக்குள் எரிபொருள் பற்றுவது ‘இக்னைட்’. இது தீயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இந்த இடங்களில் கிண்டிலைப் போட்டால் வாக்கியம் ஒட்டாது.

தமிழில் தீ தானே மூளும், நாம் அதை மூட்டுவோம். தன்வினைக்கும் பிறவினைக்கும் வடிவம் மாறும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கிண்டில் ஒன்றே. தமிழர் தடுமாறும் இடம் இதுதான். ‘த ஃபயர் கிண்டில்ட்’ என்றால் தீ மூண்டது; ‘ஷி கிண்டில்ட் த ஃபயர்’ என்றால் அவள் தீ மூட்டினாள்.

இன்று அடுப்பைவிட மனத்தைப் பற்றியே இச்சொல் அதிகம் வழங்குகிறது. ஆர்வம், நம்பிக்கை, காதல் ஆகியவற்றை ஒருவரிடம் துளிர்க்கச் செய்வது கிண்டில். அணைந்துபோனதை மீண்டும் மூட்டுவது ‘ரீகிண்டில்’. சினத்துக்கும் இது பொருந்தும். 1611-இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் கடவுளின் கோபம் பலமுறை ‘கிண்டில்’ ஆகிறது; தமிழ் விவிலியமும் அத்தகைய இடங்களில் ‘மூள்’ என்கிறது. இதைவிடப் பொருத்தமான தமிழ் இணை இல்லை.

அமேசான் தன் மின்னூல் கருவிக்கு 2007-இல் இப்பெயரைச் சூட்டியபின், இச்சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது அக்கருவியே. முயல் வளர்ப்போர் பேச்சில் ‘கிண்டில்’ என்பது முயல் குட்டி போடுவது. அது பிறப்பு சார்ந்த வேறு வேரினது. எழுத்தும் ஒலிப்பும் மட்டுமே ஒன்று.