மஞ்சள் கடுதாசியும் மேலவையும்

அந்தக் காலத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களான எங்களுக்கு ஓர் ஓட்டு கூடுதல். ஊரோடு சேர்ந்து சட்டமன்றத்துக்குப் போட்டது போக, மேலவைக்கு என்று தனியாக ஒன்று. அதில் முத்திரை குத்துவதில்லை. பெயருக்கு நேரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். வேட்பாளர்கள் ஆசிரியர் அறைக்கே வந்து டீ குடித்துக்கொண்டு சம்பள விகிதம் பேசுவார்கள். 63 இடங்களில் எங்களுக்கு 6, பட்டதாரிகளுக்கு 6, ஆளுநர் நியமனம் 9. மீதி 42இல் உள்ளாட்சிகள் பாதி, எம்.எல்.ஏ.க்கள் பாதி. 1952இல் ராஜாஜி முதல்வரானது நியமன உறுப்பினராக நுழைந்துதான். முதல்வர் அண்ணாவும் மேலவைக்காரர்தான்.

1986இல் நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை நியமிக்க எம்.ஜி.ஆர். பரிந்துரைத்தார். அவரோ மஞ்சள் கடுதாசி கொடுத்திருந்தவர். திவாலானவர் உறுப்பினராக அரசியல் சாசனம் இடம் தராது. வழக்கு வந்தது, நிர்மலா விலகிக்கொண்டார். அடுத்து மே 14 அன்று, மேலவையே வேண்டாம் என்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நாடாளுமன்றமும் சம்மதிக்க, நவம்பர் 1 முதல் மேலவை இல்லை. அதன் கடைசித் தலைவர் ம.பொ.சி.

ஊரார் நடிகை கதையோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அது பாதிக் கதை. அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பாலான நகராட்சிகளைத் தி.மு.க. பிடித்துவிட்டது. உள்ளாட்சிகளுக்கான 21 இடங்கள் இனி எந்தப் பக்கம் சாயும் என்பது பள்ளிப் பையனுக்கும் தெரியும். கலைஞர் வேறு அப்போது மேலவையில்தான் இருந்தார். புரூக்ளின் மருத்துவமனையில் படுத்தபடியே 1984 தேர்தலை ஜெயித்த எம்.ஜி.ஆருக்கு, ‘ஜனங்கள் என் பக்கம், நடுவில் நீங்கள் யார்?’ என்று தோன்றியிருந்தால் வியப்பில்லை.

மேலவை ஒன்றும் கோயில் இல்லை. தோற்றவர்களுக்குத் திண்ணையாகவும் இருந்திருக்கிறது. கலைத்ததில் சட்டமீறலும் கிடையாது. 169ஆம் பிரிவு கேட்கும் மூன்றில் இரண்டு பங்கு கையில் இருந்தது. எனக்கு உறுத்துவதே அதுதான். எல்லாம் முறைப்படி நடந்தது, ஆனால் எங்கள் ஓட்டு போயிற்று.

பிறகு அது கட்சிச் சண்டையாகிவிட்டது. 1989இல் தி.மு.க. மேலவை வேண்டும் என்றது. 1991இல் ஜெயலலிதா வேண்டாம் என்றார். 1996, 2001இலும் அதே கதை. 2010இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. மறு ஆண்டு ஆட்சி மாறியது, அதுவும் நின்றது. இத்தனை தீர்மானங்களில் ஒன்றுக்காவது எந்தக் கட்சிக்காரரும் எங்கள் பள்ளிப் பக்கம் வந்து அபிப்பிராயம் கேட்டதில்லை.