குட்டி வளர்ந்த வீடு: வழிகாட்டி நாய்ப் பயிற்சியின் வரலாறும் மலையகமும்

மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜ் பகுதித் தோட்டமொன்றின் லயத்திலிருந்து டவுனுக்கு வர விரும்பும் விழிப்புலனற்றவருக்கு இன்று இரண்டு துணைகள்தான் உண்டு. ஒன்று வெள்ளைப்பிரம்பு, மற்றது தோள் கொடுக்க வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒருவர். பயிற்சி பெற்ற நாய் என்ற மூன்றாவது துணை உலகின் பல நாடுகளில் நூறாண்டுகளாக இருந்துவருகிறது. இலங்கையில் அதற்கென ஒரு பள்ளி இல்லை. இதற்கு வறுமையைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் போரால் நொடிந்து கிடந்த ஜெர்மனியில்தான் இந்தப் பயிற்சி உருவானது. ஆகவே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது. வழிகாட்டி நாய்ப் பயிற்சி வேரூன்றியது குட்டிகள் சாதாரண மக்களின் வீடுகளில் வளரத் தொடங்கிய பிறகுதான் என்பதும், அப்படி வளர்க்க வீடு மட்டும் போதாது, குட்டி அச்சமின்றி இறங்கி நடக்கக்கூடிய தெருவும் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

போர்க்களத்திலிருந்து தெருவுக்கு

பார்வையற்றவரை நாய் அழைத்துச் செல்லும் காட்சி பழமையானது. எரிமலைச் சாம்பலில் புதைந்த ஹெர்குலேனியத்தின் முதலாம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்றில் அது இருப்பதாக அறிஞர்கள் காட்டுவர். முறையான பயிற்சி பற்றிய எழுத்து 1819இல் வருகிறது. வியன்னாவில் பார்வையற்றோர் பள்ளியை நிறுவிய யோஹான் வில்ஹெல்ம் கிளைன், அவர்களுக்குக் கற்பிப்பது குறித்த தம் நூலில், நாயின் கழுத்துப்பட்டையோடு ஒரு விறைத்த கோலை இணைக்கச் சொன்னார். கயிறு தொய்யும், கோல் நாயின் ஒவ்வோர் அசைவையும் கைக்குக் கடத்தும். இன்றைய வார்ச்சேணத்தின் கைப்பிடிக்கு முன்னோடி இந்தக் கோல் எனலாம். கருவி கிடைத்தும் அடுத்த ஏறத்தாழ நூறாண்டில் ஒரு பள்ளி கூடத் தோன்றவில்லை.

முதல் உலகப் போரின் நச்சுவாயு ஆயிரக்கணக்கான இளம் சிப்பாய்களின் பார்வையைப் பறித்தது. மருத்துவர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் 1916இல் ஓல்டன்பர்க்கில் முதற்பள்ளியைத் தொடங்கினார். நோயாளி ஒருவரைத் தம் நாயோடு விட்டுப்போய்த் திரும்பியபோது, நாய் அவரைக் கவனித்துக்கொண்டிருந்ததைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் பிறந்ததாகச் சொல்வார்கள். கிளைகள் பெருகின, நாய்களின் தரம் குறைந்தது, 1926இல் பள்ளி மூடப்பட்டது. இதற்குள் 1923இல் பொட்ஸ்டாமில் இன்னொரு பள்ளி எழுந்திருந்தது. அங்கே சென்று பார்த்த அமெரிக்கர் டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ், சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களை வளர்த்துவந்தவர். தாம் கண்டதை 1927 நவம்பரில் ஓர் அமெரிக்க வார இதழில் எழுதினார். அதைத் தந்தை வாசிக்கக் கேட்ட நாஷ்வில் இளைஞர் மோரிஸ் ஃபிராங்க், தமக்கும் நாய் வேண்டுமென்று கடிதம் எழுதினார். 1928இல் ‘படி’ என்ற நாயோடு நியூயார்க் துறைமுகத்தில் இறங்கி, பத்திரிகையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கப் பரபரப்பான வீதியைக் கடந்தார். மறு ஆண்டு ‘தி சீயிங் ஐ’ நிறுவனம் பிறந்தது. இங்கிலாந்தின் வாலசியில் முரியல் குரூக், ரோசமுண்ட் பாண்ட் என்ற இரு பெண்களின் முயற்சியால் 1931இல் ஜூடி, ஃப்ளாஷ், ஃபாலி, மெட்டா ஆகிய நான்கு நாய்கள் பயிற்சி முடித்தன.

இந்தத் தொடக்க காலப் பள்ளிகள் பெரும்பாலும் வளர்ந்த நாய்களையே எடுத்தன. நன்கொடையாக வந்தவையும் விலைக்கு வாங்கியவையும் அவற்றில் இருந்தன. அவற்றின் குட்டிப்பருவம் எப்படிக் கழிந்தது என்று எவருக்கும் தெரியாது. சத்தத்துக்கு மிரள்வது எது, பூனையைக் கண்டால் பாய்வது எது என்பதெல்லாம் பயிற்சியின் நடுவில்தான் தெரியவரும். அதற்குள் பயிற்றுநரின் பல மாத உழைப்பு வீணாகியிருக்கும்.

முதல் பன்னிரண்டு வாரம்

திருப்பம் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வந்தது. ‘தி சீயிங் ஐ’ 1942இல் கிராமப்புற இளைஞர் மன்றங்களான நாலு-எச் குழுக்களின் பிள்ளைகளிடம் குட்டிகளை வளர்க்கக் கொடுத்தது. பிரிட்டனில் டெரெக் ஃபிரீமன் 1956இல் குட்டிகளைத் தன்னார்வக் குடும்பங்களிடம் ஒப்படைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதே காலத்தில் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் நாய்க்குட்டிகளின் நடத்தையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரையிலான காலமே குட்டி மனிதரோடும் உலகத்தோடும் பழகிக்கொள்ளும் பருவம் என்று அவர்கள் கண்டார்கள். இந்த முடிவுகள் 1965இல் நூலாக வந்தன. கலிஃபோர்னியாவின் சான் ரஃபேல் பள்ளியில் கிளாரன்ஸ் ஃபாஃபன்பர்கர் இதை வழிகாட்டி நாய்களில் சோதித்தார். நல்ல வம்சக் குட்டிகளே ஆனாலும், பள்ளியின் குட்டிப்பருவச் சோதனைகள் முடிந்த பின் சில வாரங்கள் கூண்டிலேயே தங்கிவிட்டவை, உடனே வீடு சேர்ந்தவற்றைவிட மிக அதிகமாகத் தோற்றன.

கிளைனின் கோலையும் ஓல்டன்பர்க் பள்ளியையும்விட இந்தக் கண்டுபிடிப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஏழெட்டு வாரத்தில் குட்டியைப் பெறும் குடும்பம் அதற்கு வழிகாட்டக் கற்றுக்கொடுப்பதில்லை. சமையலறையில் தட்டு விழும் சத்தம், படிக்கட்டு, மழை, சந்தை, பஸ்ஸின் இரைச்சல், குடை பிடித்தவர், சக்கர நாற்காலியில் வருபவர், அழும் குழந்தை என்று உலகத்தை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்கிறது. கீழே கிடப்பதைத் தின்னாதிருக்கவும், சொன்ன இடத்தில் மலசலம் கழிக்கவும், யார் மேலும் தாவாதிருக்கவும் பழக்குகிறது. சுமார் ஒரு வயதைத் தாண்டியதும் குட்டி பள்ளிக்குத் திரும்பும். அங்கேதான் சேணம் பூட்டுகிறார்கள். நடைபாதை விளிம்பிலும் படியிலும் நிற்பது, நாய் தான் மட்டும் நுழையக்கூடிய இடைவெளியில் புகாமல் மனிதரின் அகலத்தையும் உயரத்தையும் கணக்கிட்டுச் செல்வது என்று மாதக்கணக்கில் பயிற்சி நடக்கும். எல்லாவற்றுக்கும் மேலானது கட்டளையை மறுக்கக் கற்பது. ‘போ’ என்று எசமானர் சொன்னாலும் வாகனம் வந்தால் நாய் அசையக்கூடாது. பயந்து வளர்ந்த நாய்க்கு இந்த மறுப்பு வராது. அது நடுங்கும், அல்லது கண்மூடித்தனமாகக் கீழ்ப்படியும். தன் மேல் நம்பிக்கையுள்ள நாயால்தான் மறுக்க முடியும். அந்த நம்பிக்கையை விதைப்பது குட்டி வளர்ந்த வீடு. அந்த வீட்டார் ஓராண்டு வளர்த்த பிள்ளையைப் போன்ற ஒன்றை, கூலி எதுவும் வாங்காமல், முகமறியாத ஒருவருக்காக விட்டுக்கொடுக்கிறார்கள்.

துணைநாய்களின் வரலாறு இதன் பக்கவாட்டில் கிளைத்தது. குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தம் ஜிங்கிள்ஸ் என்ற நாய் உடனிருந்தபோது பேசாத சிறுவன் பேசத் தொடங்கியதைக் கவனித்து 1962இல் எழுதினார். உடல் ஊனமுற்றோருக்குப் பொருள் எடுத்துத் தரவும் கதவு திறக்கவும் நாய்களைப் பழக்கும் நிறுவனத்தை போனிட்டா பெர்ஜின் 1975இல் கலிஃபோர்னியாவில் தொடங்கினார். இவையும் வீட்டில் வளர்ந்த குட்டிகளையே நம்பின.

மலைநாட்டில் நாயின் இடம்

மலையகத்துக்குத் திட்டமிட்டுக் கொண்டுவரப்பட்ட நாய்களில் எழுத்தில் நன்கு பதிவானவை வேட்டை நாய்கள். சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறியபோது இங்கிலாந்திலிருந்து ஒரு கூட்டத்தையே கப்பலில் கொண்டுவந்தார். அவற்றைக் கொண்டு மரைகளைத் துரத்தினார். இந்த மலைகளைத் தாங்கும் நாய்களுக்காகக் கலப்பினங்களை வளர்த்தார். அவருக்குப் பின் வந்த கோப்பி, தேயிலைத் துரைமாரின் பங்களாக்களில் நாய் அந்தஸ்தின் அடையாளமாயிற்று. அதைக் குளிப்பாட்டவும் நடத்திச் செல்லவும் வேலையாள் இருந்தார். லயத்து நாயின் கதை வேறு. அது மீந்ததைத் தின்று வாசலில் காவல் கிடந்தது. இன்றும் இரவில் சிறுத்தை தோட்டங்களுக்குள் இறங்கினால் முதலில் பறிபோவது அதுதான்.

அரசாங்கம் இந்த நாயைப் பார்த்தது ஒரே கண்ணால்: விசர்நாய்க்கடி. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டமும் 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் கட்டாக்காலி நாய்களைக் கட்டுப்படுத்தவும் ஒழிக்கவும் எழுந்தவை. அச்சம் காரணமற்றதல்ல. 1973இல் நாட்டில் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். தடுப்பூசி பரவியதால் பிற்காலத்தில் அந்தத் தொகை ஆண்டுக்குச் சில பத்துகளாக இறங்கியது. நாய்களைக் கொல்வது 2006இல் கைவிடப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் கொள்கையாயின.

குட்டி வளர்ப்பின் சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான தடுப்பூசித் தொடர் முடிய ஏறக்குறைய பதினாறு வாரமாகும். உலகத்தோடு பழகும் பருவமோ பன்னிரண்டு வாரத்திலேயே மூடத் தொடங்குகிறது. தெருநாய்களிடம் நோய் அருகிய நாட்டில் வளர்ப்போர் துணிந்து, குட்டியைத் தூக்கிக்கொண்டாவது வெளியே போகிறார்கள். கட்டாக்காலி நாய்கள் நிறைந்த டவுனில் அதே துணிவு குட்டியின் உயிருக்கே ஆபத்து. வீட்டில் பூட்டி வைத்தாலோ அது மிரண்ட நாயாக வளரும். அப்படியே தப்பிப் பயிற்சி முடித்தாலும், சேணம் பூட்டிய நாயைத் தெருநாய்க் கூட்டம் சூழ்ந்துகொண்டால் அதன் கவனம் குலையும். பிடித்து நடப்பவர் விழுவார். ஒரு வழிகாட்டி நாயின் பாதுகாப்பு அவ்வூரின் எல்லா நாய்களின் நலத்தோடும் பிணைந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அலுவலகம் நடத்தும் தடுப்பூசி நாளை இந்தப் பயிற்சியின் முதல் படியாகவே நான் கருதுகிறேன்.

நாய்களைப் பழக்கும் திறமைக்கு நாட்டில் பஞ்சமில்லை. பொலிஸ் நாய்ப் பிரிவு 1948 முதல் இயங்குகிறது. அதன் தலைமையகம் கண்டி அஸ்கிரியவில், மலைநாட்டின் வாசலிலேயே இருக்கிறது. வடக்கில் கண்ணிவெடி அகற்றலில் நாய்கள் பணியாற்றின. ஆனால் அவை கையாளுநரோடு பிரிவில் வாழ்பவை. வீட்டுக்கும் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் பழகிய குட்டிகளை உருவாக்குவது அப்பிரிவுகளின் வேலையன்று.

நிலத்தையும் பார்க்க வேண்டும். வழிகாட்டி நாய்ப் பயிற்சி நகரத்து நடைபாதையின் விளிம்பை நம்பி உருவானது. நோட்டன் பிரிட்ஜிலோ அகன்ற சமவெளி கிடையாது. கெஹெல்கமு ஓயாவின் பள்ளத்தாக்கைச் சுற்றி வளையும் ஒடுங்கிய வீதி, ஓரத்தில் கான், அப்பால் சரிவு. லயத்துக்கு ஏறுவது கல்படியும் சறுக்கும் மண்பாதையும். நடைபாதையில்லாத நாட்டுப்புற வீதியில் ஓரம் பிடித்து நடக்கவும் நாய்களைப் பழக்க முடியும்; படியில் நிற்பது அவற்றின் அடிப்படைப் பாடம். ஆகவே நிலம் கடினமானதுதான், கடக்க முடியாததல்ல. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: முதியோரின் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணம் கண்புரை. அவர்களுக்கு நாய் தேவையில்லை, சத்திரசிகிச்சை தேவை. 1912இல் மேரி சாப்மன் தொடங்கி இன்று இரத்மலானையில் இயங்கும் பள்ளியிலும், 1956இல் கைதடியில் எழுந்த நஃபீல்ட் பள்ளியிலும் படித்து வெளிவந்தவர்களைப் போன்று, பிரம்போடு தனியே நடந்து பழகிய இளையோரே நாயால் உண்மையில் பயன் பெறுவர். திசையும் வழியும் அறிந்தவரே நாய்க்குக் கட்டளை கொடுக்க முடியும்.

துணைநாய்க்கு இத்தனை தடைகள் இல்லை. ஜில் ராபின்சன் 1991இல் ஹாங்காங்கில் தொடங்கிய ‘டாக்டர் டாக்’ திட்டத்தைச் சென்னையில் விலங்குநல அமைப்பான புளூ கிராஸ் நடத்தியது. வீட்டு நாய்களைச் சோதித்துத் தேர்ந்து, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளிடம் கூட்டிச்சென்றார்கள். வம்சம் அதில் முக்கியமில்லை, இயல்பான சாதுத்தனம் போதும். பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட, லயங்களில் தனித்திருக்கும் முதியோர் பெருகிவரும் மலையகத்தில் தடுப்பூசி போட்ட ஊர்நாய்க்கே இந்த வேலை கொடுக்கலாம்.

சட்டமும் பின்தங்கியிருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைச் சட்டம் பாரபட்சத்தைத் தடுக்கிறது. 2006இன் ஒழுங்குவிதிகள் கட்டடங்களுக்குள் நுழையும் வசதியைப் பேசுகின்றன. ஹட்டன் பஸ்ஸில் நாயோடு ஏறுபவரை நடத்துநர் இறக்கிவிட்டால் கேட்பதற்குத் தெளிவான விதி வேண்டும். ஜப்பான் 1939இல் போரில் பார்வையிழந்த சிப்பாய்களுக்காக ஜெர்மனியிலிருந்து நான்கு நாய்களை வரவழைத்தது. உள்நாட்டில் பயிற்சி பெற்ற முதல் நாயான சாம்பியை 1957இல் கண்டது. உதவி நாய்களைப் பொது இடங்களிலும் வாகனங்களிலும் அனுமதிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை 2002இல்தான் இயற்றியது. அந்த இடைக்காலத்தில் அங்கே குட்டிகளை வளர்த்துக் கொடுத்த குடும்பங்கள்தான், அவற்றைத் தெருவிலும் கடையிலும் நடத்திக் காட்டி, சட்டத்துக்கு முன்பே ஊரைப் பழக்கின.