காபி ஆறும் நேரம்

1987-ஆம் வருஷம். அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நோல், கறுப்பும் வெளுப்புமே தெரிகிற தம் மாக்கின்டாஷ் திரையில் சாம்பல் நிறச் சாயைகளைக் காட்ட ஒரு புரோகிராம் எழுதினார். சினிமாத் தந்திரக் காட்சிக் கம்பெனியில் வேலை பார்த்த தம்பி ஜானும் கூடச் சேர்ந்துகொண்டார். 1990 பிப்ரவரியில் அடோபி கம்பெனி வெளியிட்ட போட்டோஷாப் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அந்த நாளில் பெரிய படம் ஒன்றைச் சற்றே மங்கலாக்கச் சொல்லிவிட்டு, காபி கலந்து, ஆற்றிக் குடித்துவிட்டு வரலாம். செய்ததை ரத்து செய்ய ஒரே ஒரு தடவைதான் சலுகை. படத்தின்மேல் படமாக அடுக்கும் வசதி 1994-இல்தான் வந்தது. பல படி பின்னால் போவது 1998-இல். இரண்டுக்கும் யந்திரத்தில் ஏராளமான நினைவாற்றல் வேண்டுமே! அதுவரை ஒட்டியது ஒட்டியதுதான். படம் முழுவதும் முதலில் மனத்திலேயே முடிந்திருக்க வேண்டும்.

அந்தப் பொறுமையில்தான் கலை இருந்தது என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. சுருதிப் பெட்டியைத் திருகியதும் ஒலி மாறினால்தானே காது சரி பார்க்கும்? புதுப் படம் வந்து சேர்வதற்குள் கண் பழைய சாயலை மறந்துவிடும். 'போதும்' என்று அவர் எழுந்துவிட்டால், அது திருப்தியா அலுப்பா என்று யார் கண்டார்கள்?