குளிர் வாங்கும் வரி

மின்சாரக் கார் என்பது ஏதோ நேற்று முளைத்த புதுமை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாகர்கோவில் வடசேரிச் சந்திப்பில் சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும் காரைக் கண்டு துள்ளி ஒதுங்குகிறவர்கள், காலம் எப்படி மாறிவிட்டது என்று வியக்கிறார்கள். உண்மையில் மின்சாரக் கார் வயதில் பெட்ரோல் காருக்கு அண்ணன். அண்ணன் ஒதுங்கித் தம்பி பட்டத்துக்கு வந்த கதையில் பல பாத்திரங்கள் உண்டு. அவற்றில் ஒன்று குளிர். நூறு வருஷங்களுக்கு மேல் கழித்து அண்ணன் திரும்பி வந்திருக்கிறான். குளிரும் பழைய இடத்திலேயே காத்திருக்கிறது.

1859-இல் பிரான்ஸ் தேசத்தில் கஸ்தோன் பிளான்டே என்பவர் ஈயத் தகடுகளையும் கந்தகத் திராவகத்தையும் கொண்டு, தீரத் தீர மின்சாரம் ஏற்றிக்கொள்ளக்கூடிய பாட்டரி ஒன்றைச் செய்தார். 1881-இல் குஸ்தாவ் த்ரூவே பாரிஸ் தெருவில் பாட்டரியால் ஓடும் மூன்று சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். கார்ல் பென்ஸ் தம்முடைய பெட்ரோல் வண்டிக்கு உரிமம் பெற்றது அதற்கு ஐந்து வருஷங்கள் கழித்துத்தான். 1899-இல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய மோட்டார் வண்டியும், காமில் ஜெனாட்சி என்ற பெல்ஜியக்காரர் ஓட்டிய மின்சார வண்டிதான். 1900-இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 கார்களில் நீராவியில் ஓடியவை 1,681. மின்சாரத்தில் ஓடியவை 1,575. பெட்ரோல் கார்கள் 936 மட்டுமே.

அந்தக் காலத்துப் பெட்ரோல் காரைக் கிளப்புவது சாமானியக் காரியமல்ல. முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். குளிர்காலத்தில் எஞ்சின் எண்ணெய் கெட்டிப்பட்டு, கைப்பிடி அசையவே மறுக்கும். சில சமயம் அது திருப்பி உதைத்து மணிக்கட்டையும் ஒடித்துவிடும். மின்சாரக் காருக்கு இந்த வம்பு கிடையாது. பெட்ரோல் கார்களைச் செய்து குவித்த ஹென்றி போர்டின் மனைவி கிளாரா அம்மையாரே ஓட்டியது 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்ற மின்சாரக் கார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆனால் 1912-இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் ஒரு சின்ன மோட்டாரை வைத்தார். பொத்தானை அழுத்தினால் பெட்ரோல் எஞ்சின் தானாகக் கிளம்பியது. அந்த மோட்டாருக்கு உயிர் கொடுத்தது ஒரு பாட்டரி. பாட்டரிக் காரை வீழ்த்தப் பெட்ரோல் காருக்குப் பாட்டரியே துணைபோன விசித்திரத்தை என்னென்பது!

கிளம்புவதில் ஜெயித்த மின்சாரக் கார், குளிரில் தூரம் போவதில் தோற்றது. உறைநிலையில் ஈயப் பாட்டரி தன் சக்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். தாமஸ் எடிசன் பல வருஷங்கள் பாடுபட்டு நிக்கலும் இரும்பும் சேர்ந்த பாட்டரி ஒன்றைச் செய்தார். அது நெடுநாள் உழைக்கும், எளிதில் கெடாது. குளிரில் மட்டும் ஈயப் பாட்டரியைவிடப் பெரிய சோம்பேறி.

பாட்டரிக்கும் குளிருக்கும் அப்படி என்ன பகை? நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள். எங்கள் பக்கத்துக் கிழவிகள் 'வெளிச்செண்ணெய்' என்று சொல்லும் அந்த எண்ணெய் வெள்ளையாக உறைந்து வர மறுக்கும். எண்ணெய் குறைந்துவிடவில்லை, குப்பிக்குள்தான் இருக்கிறது. தலைக்குத் தேய்க்க வேண்டிய நேரத்தில் கைக்கு வராது. வெயிலில் வைத்தால் மறுபடி இளகிவிடும். பாட்டரிக்குள் இருக்கும் திரவம் அப்படி முழுக்க உறைவதில்லை என்றாலும், குளிரில் தடித்துப்போகிறது. அதன் வழியாக ஓட வேண்டிய மின் துகள்கள் மந்தமாகின்றன. 1991-இல் விற்பனைக்கு வந்து, இன்று பெரும்பாலான மின்சாரக் கார்களில் இருக்கும் லித்தியம் பாட்டரிக்கும் இதே கதிதான். அதற்கு இன்னொரு சங்கடமும் உண்டு. உறைநிலைக்குக் கீழே வேகமாக மின்சாரம் ஏற்றினால் லித்தியம் உள்ளே போகாமல் தகட்டின்மேல் உலோகமாகப் படிந்து பாட்டரியையே கெடுத்துவிடும். ஆகையால், பாட்டரி சூடாகும்வரை கார் மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றுக்கொள்ளும்.

இவை போதாதென்று காருக்குள் இருக்கும் மனிதருக்கும் குளிர்கிறதே! பெட்ரோல் எஞ்சின் எரிபொருளில் பெரும்பங்கை வெப்பமாக வீணடிக்கிற ஊதாரி. அந்த வீணான வெப்பம் உள்ளே இருப்பவர்களுக்குச் செலவில்லாமல் குளிர்காய உதவுகிறது. மின்சார மோட்டார் சிக்கனக்காரன். அவனிடம் வீணாகப்போகும் வெப்பம் அதிகமில்லை. பாட்டரியில் இருந்தே எடுத்துச் செலவழிக்க வேண்டும். 2019-இல் அமெரிக்க மோட்டார் சங்கம் சில மின்சாரக் கார்களைச் சோதித்தது. பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 7 டிகிரியில், சூடாக்கியைப் போடாமல் ஓட்டினால் செல்லும் தூரம் சராசரியாக நூற்றுக்கு 12 பங்கு குறைந்தது; போட்டு ஓட்டினால் 41 பங்கு குறைந்தது. இதைத்தான் குளிர் வாங்கும் வரி என்கிறேன்.

இந்த வரிக்குப் பயந்தவர்கள் உண்டு. 1996-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் 'ஈவி-1' என்ற மின்சாரக் காரை முதலில் கொடுத்தது லாஸ் ஏஞ்சல்ஸ், பீனிக்ஸ், டூசான் என்ற வெயில் காயும் ஊர்களில்தான். பயப்படாதவர்களும் உண்டு. 2001-இல் பெங்களூரில் பிறந்த நம் நாட்டு 'ரேவா' கார், ஈயப் பாட்டரியைச் சுமந்துகொண்டு லண்டனுக்கும் நார்வேக்கும் போயிற்று. பெங்களூரின் இதமான சீதோஷ்ணத்தில் பிறந்த குழந்தை பனியில் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு கேள்வி. குளிர் இப்படிப்பட்ட எதிரி என்றால், உலகத்தில் மின்சாரக் கார் மிகவும் செழித்த தேசம் வெப்ப நாடாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் அந்தத் தேசம் நார்வே. 2024-இல் அங்கே விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு 88.9 மின்சாரக் கார்கள். 1980-களில் ஈழத்தமிழர் பலர் பிழைக்கப் போய், வடகோடியில் உள்ள பின்மார்க்கின் மீன் ஆலைகளில் கை விறைக்க வேலை செய்தார்களே, அதே நார்வேதான்.

எப்படி இது நடந்தது? 1990 முதலே அரசாங்கம் மின்சாரக் காருக்கு வரிகளை ஒவ்வொன்றாக நீக்கியது. ஆறுகளும் அருவிகளும் தரும் மின்சாரம் ஏராளமாக இருந்தது. இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே பெரும்பாலோருக்குத் தனி வீடும், வீட்டோரத்தில் கார் நிறுத்த இடமும் உண்டு. இரவு முழுவதும் நிதானமாக மின்சாரம் ஏறும். காலையில் புறப்படுமுன், கம்பி செருகியிருக்கும்போதே வீட்டு மின்சாரத்தில் காரைச் சூடாக்கிக்கொள்ளலாம். குளிர் பகலில் வாங்கிய வரியை வீட்டுச் சுவர் இரவில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அடுக்குமாடியில் வீடு வாங்கியவர் மின்சாரம் ஏற்றும் வசதி கேட்டால் தக்க காரணமின்றி மறுக்கக்கூடாது என்று 2018-இல் அங்கே சட்டமும் நடப்புக்கு வந்தது. அந்த நார்வேயிலும் 2023 டிசம்பர்க் கடுங்குளிரில் தலைநகரான ஆஸ்லோவின் மின்சாரப் பஸ்கள் பல, பாதிப் பொழுதிலேயே சக்தி தீர்ந்து, நடைகள் ரத்தாயின. நாள் முழுதும் ஓட வேண்டிய பஸ் நடுவில் எங்கே போய்ச் செருகிக்கொள்ளும்?

2024 ஜனவரியில் சிகாகோ நகரத்தில் நடந்ததும் இதுதான். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியையும் தாண்டிய குளிரில், பொதுவான மின்னேற்று நிலையங்களில் கார்கள் மணிக்கணக்காக வரிசை கட்டின. ஏறும் வேகம் குறைந்தது, வரிசை நீண்டது, காத்திருந்த கார்களின் சக்தி சூடாக்கியிலேயே கரைந்தது. சில கார்கள் வரிசையிலேயே செத்துப்போய், இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அன்று அங்கே நின்றவர்களில் வாடகைக்குக் கார் ஓட்டிப் பிழைக்கிறவர்களும் இருந்தார்கள். சொந்தக் கொட்டகையில் இரவோடிரவாக மின்சாரம் ஏற்றிக்கொண்டவர் அந்த வரிசைக்கே வரவில்லை. ஒரே ஊர், ஒரே குளிர், ஒரே மாதிரிக் கார். ஒருவர் சில்லறையைக் கொடுத்துத் தப்பினார், இன்னொருவர் அன்றையக் கூலியையே கொடுத்தார்.

நம் தேசத்துக்கும் இந்த அனுபவத்தின் வாசல் திறந்துவிட்டது. 2017-இல் இமாசலப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகம் மணாலியிலிருந்து ஏறக்குறைய 13,000 அடி உயரத்தில் உள்ள ரோதாங் கணவாய்க்கு மின்சாரப் பஸ்களை விட்டது. கடும் பனிக்காலத்தில் அந்தப் பாதையே மூடிக்கிடப்பதால், முழுப் பரீட்சையிலிருந்து பஸ்ஸுக்கு விடுதலை.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைத் தவிர வேறு குளிர் அறியாத நமக்கு இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். டொராண்டோவிலும் ஆஸ்லோவிலும் மாதவாடகை வீட்டில் இருந்துகொண்டு, கார் வாங்கலாமா என்று யோசிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்களே! எங்கள் ஊரில் மாடு வாங்கப் புறப்படுகிறவனிடம் பெரியவர்கள் சுழியையும் கொம்பையும் பற்றிக் கேட்க மாட்டார்கள். அதெல்லாம் சந்தையில் பார்த்துக்கொள்ளலாம். "தொழுவம் இருக்காடே?" என்பதுதான் முதல் கேள்வி.